மெயின் சுவிட்சுக்குக் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கதை

 

அமெரிக்காவில் கட்டட மின்பணியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், நம்ம ஊர் வீட்டு போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடுகிறது. இங்கே பெரிய கட்டடத்தின் மெயின் சுவிட்சில் எர்த் கசிவைப் பார்க்கும் கருவி பொருத்துகிறோம். அதை 1,200 ஆம்பியர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. 1,200 ஆம்பியர் தரைக்குப் போகும்வரை சும்மா இருப்பதற்கு எதற்குக் கருவி?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சூத்திரத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஃபியூஸ். மின்விளக்குத் தொழில் தொடங்கிய 1880களிலேயே ஃபியூஸும் வந்துவிட்டது. 1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் திறந்தபோது, கம்பி அளவுக்கு மீறிச் சூடானால் வீடு எரியும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அதற்கு விடை எளியது. வழியில் எளிதில் உருகும் ஒரு துண்டை வை. மின்சாரம் அதிகமானால் அது முதலில் உருகி வழியைத் துண்டிக்கும். பின்னால் வந்த சர்க்யூட் பிரேக்கரும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்தது.

ஃபியூஸுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்கத் தெரியும். "எவ்வளவு போகிறது?" போன மின்சாரம் திரும்பி வந்ததா, வழியில் எங்காவது ஒழுகிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. 100 ஆம்பியர் ஃபியூஸைப் பொறுத்தவரை, 80 ஆம்பியர் விளக்குக்குப் போனாலும் சரி, சுவரில் கசிந்தாலும் சரி, இரண்டும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் மின்பணிக்கான பொது விதிநூல், நேஷனல் எலக்ட்ரிக்கல் கோடு, 1897-இல் முதலில் வந்தது. நியூட்ரலை எர்த் செய்யலாமா கூடாதா என்று அங்கே நீண்ட காலம் விவாதம் நடந்தது. 1913-இல் 150 வோல்ட்டுக்குள் வரும் அமைப்புகளில் எர்த் செய்வது கட்டாயமானது. அப்படிச் செய்தால், ஒரு ஃபேஸ் கம்பி இரும்புப் பெட்டியைத் தொட்டதும் பெரும் மின்சாரம் பாயும், ஃபியூஸ் உடனே உருகும். வீடுகளின் 120 வோல்ட் அமைப்பில் இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்தது. இனிக் கவலையில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

நிலைமையை மாற்றியது குழல்விளக்கு. நாம் டியூப்லைட் என்கிறோமே, அதுதான். 1938-இல் அது அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. தளம் தளமாக டியூப்லைட், லிஃப்ட், ஏசி, தண்ணீர் மோட்டார். இவ்வளவையும் 120 வோல்ட்டில் ஓட்டினால் கம்பிகள் தொடை கனத்துக்கு வேண்டும். ஆகவே பொறியாளர்கள் 480/277 வோல்ட் முறைக்கு மாறினார்கள். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 480, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 277. மோட்டாருக்கு 480, விளக்குக்கு 277. செம்பும் மிச்சம், செலவும் மிச்சம். அவர்கள் செய்தது நல்ல பொறியியல்தான். அந்த மாற்றத்தோடு ஒரு புது ஆபத்தும் உள்ளே வந்தது என்பதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

1964-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. 480/277 வோல்ட் மின்சாரம் வந்து சேரும் மெயின் போர்டில் மின்வில், அதாவது வெல்டிங் பட்டறையில் பார்க்கிறோமே, அந்தக் கண் கூசும் தீப்பொறி, எரியத் தொடங்கியது. உடனே அணையவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் சீறிச் சீறி எரிந்தது. இரண்டு மெயின் போர்டுகள் முழுதாக அழிந்தன. 5,000 ஆம்பியர் தாங்கும் பஸ்பார் பட்டைகள், மின் நிறுவனத்தின் நிலத்தடி அறை வரை பின்னோக்கி எரிந்துகொண்டே போயின. ஏறக்குறைய 10,000 பேர் விளக்கு இல்லாமல், லிஃப்ட் இல்லாமல், மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீரும் இல்லாமல் தவித்தார்கள். ஓரளவு மின்சாரம் வரவே பல நாள் ஆயிற்று. எல்லாம் பழைய நிலைக்கு வர ஒரு வருடம் பிடித்தது.

பத்தாயிரம் பேர் என்றால் நம் பக்கத்தில் ஒரு சிற்றூர். அத்தனை பேரும் மாடிப்படியில் குடம் தூக்குவதை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களும் நோயாளிகளும் மேல்தளங்களில் இருந்திருப்பார்கள்.

வகுப்பாக இருந்தால் இங்கே நிறுத்தி உங்களைத்தான் கேட்டிருப்பேன். காப்புச் சாதனம் இருந்தும் ஒரு மணி நேரம் எப்படி எரிய முடியும்?

பதில் இரண்டு பகுதி.

ஒன்று, வில் ஏன் அணையவில்லை என்பது. மாறுதிசை மின்சாரம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும். அப்போது வில் ஒரு கணம் அணையும். அது மறுபடி பற்ற வேண்டுமானால், இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு மின்னழுத்தம் வேண்டும். இப்படிப்பட்ட போர்டுகளில் அதற்குச் சுமார் 375 வோல்ட் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது நீங்களே பெருக்குங்கள். 120 வோல்ட்டின் உச்சம் 120 × 1.414, சுமார் 170. போதாது, வில் தானே அணைந்துவிடும். 277 வோல்ட்டின் உச்சம் 277 × 1.414, சுமார் 392. போதும்! ஒவ்வொரு அரைச் சுற்றிலும் வில் தானே மீண்டும் பற்றிக்கொள்ளும். பதினேழு வோல்ட் வித்தியாசத்தில் பழைய பாதுகாப்பு பறிபோனது.

இரண்டு, ஃபியூஸ் ஏன் உருகவில்லை என்பது. வில்லுக்கும் மின்தடை உண்டு. கம்பி நேராக இரும்பைத் தொட்டால் பாயும் அளவு மின்சாரம் வில்லின் வழியாகப் பாயாது. நேர்த்தொடர்பில் பாய்வதில் 38 சதவீத அளவுக்குக் கூட அது குறையலாம் என்பது அக்காலக் கணிப்பு. வழியில் வேறு தடைகள் இருந்தால் இன்னும் குறையும். அது சீராகவும் பாயாது, விட்டுவிட்டுத் துப்பும். பெரிய ஃபியூஸுக்கு அது வழக்கமான சுமையை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மோட்டார் கிளம்பும்போது அப்படித்தானே இருக்கும் என்று பொறுமையாகக் காத்திருக்கும்.

ஃபியூஸ் காத்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? வில்லின் குறுக்கே 100 வோல்ட், அதன் வழியாக 10,000 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 100 × 10,000 = 10 லட்சம் வாட். ஆயிரம் இஸ்திரிப்பெட்டிகளை ஓர் அலமாரிக்குள் அடைத்துச் சூடேற்றுவதற்குச் சமம். செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வில்லின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு.

இத்தனைக்கும் தொடக்கம் மிகச் சிறியதாக இருக்கும். பெட்டிக்குள் தவறி விழுந்த ஸ்பேனர், உள்ளே நுழைந்த எலி, ஈரமும் தூசியும் படிந்த இன்சுலேட்டர், இறுக்காமல் விட்ட ஒரு போல்ட். முதலில் ஒரு ஃபேஸுக்கும் எர்த் ஆன இரும்புப் பெட்டிக்கும் இடையே பற்றும். பிறகு மூன்று ஃபேஸுக்கும் பரவும்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. எச்சரிக்கை முன்பே வந்துவிட்டது. 1960-இலேயே காஃப்மன், பேஜ் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள், தாழ்வழுத்த அமைப்புகளில் ஏற்படும் மின்வில் கோளாறு பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். நான் மேலே சொன்ன 38 சதவீதக் கணக்கும் அவர்களிடமிருந்து வந்ததுதான். ஃபியூஸையும் பிரேக்கரையும் மட்டும் நம்பினால் இந்தக் கோளாறு கண்ணில் படாமலே போகலாம் என்பது அதிலிருந்து தெளிவானது. நான்கு ஆண்டு கழித்து அந்தக் குடியிருப்பு எரிந்தது. அதற்கும் ஏழு ஆண்டு கழித்துத்தான் விதி வந்தது. ஆய்வுத்தாளில் இருக்கும் அறிவு மெயின் போர்டுக்கு வந்துசேர 11 ஆண்டு பிடித்தது.

சரி, தீர்வு என்ன? அது நம் பள்ளிப் பாடத்தில்தான் இருக்கிறது. 1845-இல், 21 வயது மாணவராக இருந்த கிர்க்காஃப் சொன்ன விதி. ஒரு சந்திப்புக்கு வரும் மின்சாரமும் அங்கிருந்து போகும் மின்சாரமும் சமம். ஃபேஸ் வழியாகப் போனது முழுவதும் மற்ற ஃபேஸ்கள், நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். கணக்கு இடித்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். மளிகைக் கடையில் ராத்திரி கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்ப்பது போலத்தான். எவ்வளவு வியாபாரம் ஆயிற்று என்பது ஃபியூஸின் கேள்வி. எவ்வளவு குறைகிறது என்பது கசிவுக் கருவியின் கேள்வி.

இதே யோசனையை மனித உயிருக்காகப் பயன்படுத்தியவர் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். கையில் பிடித்த கம்பியை எவ்வளவு மின்சாரம் வரை நம்மால் விட முடியும் என்று 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்து ஆராய்ந்தார். எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். சராசரி ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. இப்படிப்பட்ட ஆராய்ச்சியின் விளைவாக, சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கருவி 1960களில் அமெரிக்காவில் உருவானது. 1968-இல் நீச்சல்குள விளக்குகளுக்கு அது விதிநூலில் இடம் பெற்றது.

அடுத்து, 1971 பதிப்பில் மெயின் சுவிட்சுக்கான விதி வந்தது. பிரிவு 230.95. நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்ட 480/277 போன்ற அமைப்பில், 1,000 ஆம்பியரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு மெயின் துண்டிப்பானிலும் எர்த் கசிவைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஏற்பாடு வேண்டும். அதன் அளவை அதிகபட்சம் 1,200 ஆம்பியர் வரை வைக்கலாம். 3,000 ஆம்பியரோ அதற்கு மேலோ கசிந்தால் ஒரு விநாடிக்குள் துண்டித்தாக வேண்டும்.

இப்போது என் மாணவரின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கருவி காப்பது மனிதரை. 1,200 ஆம்பியர் கருவி காப்பது போர்டையும் கட்டடத்தையும். இரண்டும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன, காவல் காக்கும் பொருள்தான் வேறு. பெரிய கட்டடத்தில் ஆயிரக்கணக்கான விளக்கு, மோட்டாரின் இயல்பான சிறு கசிவுகளைக் கூட்டினாலே மில்லி ஆம்பியர் கணக்கைத் தாண்டிவிடும். மெயினை அவ்வளவு கூர்மையாக வைத்தால் தினம் பத்து முறை கட்டடம் இருண்டுபோகும். அதோடு, எட்டாவது மாடியில் ஒரு மோட்டார் பழுதானால் அந்த மாடியின் பிரேக்கர்தான் முதலில் விழ வேண்டும், மெயின் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அளவும் நேரமும். ஒரு மணி நேரம் எரிந்த வில்லை ஒரு விநாடிக்குள் அடக்கினால், போர்டைத் துடைத்துச் சரிசெய்து மறுபடி ஓட்டும் நிலையில் சேதம் நின்றுவிடும்.

எப்படிப் பொருத்துகிறார்கள்? மூன்று முறைகள் உண்டு. முதலாவது, ஒரு பெரிய சி.டி. வளையத்துக்குள் மூன்று ஃபேஸ், நியூட்ரல் நான்கையும் சேர்த்து நுழைப்பது. எர்த் கம்பி மட்டும் வளையத்துக்கு வெளியே. எல்லாம் சரியாக இருந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். கசிந்தால் வளையத்தில் சிக்னல் வரும். இரண்டாவது, நான்குக்கும் தனித்தனி சி.டி. போட்டு அவற்றின் வெளியீட்டைக் கூட்டுவது. மூன்றாவது, மெயின் போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் ஒரே பட்டையில் வளையத்தை மாட்டுவது. கசிந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப அந்த வழியாகத்தானே வர வேண்டும், அங்கே காத்திருந்து பிடிப்பது. எந்த முறையானாலும் சிக்னல் ரிலேவுக்குப் போகும். ரிலே, மெயின் சுவிட்சை விழச்செய்யும் காயிலுக்குக் கட்டளை கொடுக்கும்.

கதை இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். கருவி வந்த பிறகு வேறு சிக்கல் வந்தது. பொருத்திய பலவும் வேலை செய்யவில்லை.

நியூட்ரலை வளையத்துக்குள் விடாமல் வெளியே விட்டுவிட்டால், சாதாரண விளக்குச் சுமையே கசிவாகத் தெரியும், மெயின் காரணமில்லாமல் விழும். தனித்தனி சி.டி. முறையில் ஒன்றைத் திருப்பி மாட்டினாலும் அதே கதி. இவற்றை விட ஆபத்தானது, மெயினுக்குக் கீழே வேறொரு போர்டில் நியூட்ரலை மறுபடி எர்த்தோடு இணைத்துவிடுவது. அப்போது கசிந்த மின்சாரத்தில் ஒரு பங்கு நியூட்ரலுக்குத் தாவி, நல்ல பிள்ளை போல வளையத்துக்குள்ளேயே திரும்பிவிடும். கணக்கு சரியாக இருப்பதாகக் கருவி நம்பும், கட்டடம் எரிந்துகொண்டிருக்கும்.

காரணமில்லாமல் விழும் மெயினை ஆட்கள் என்ன செய்வார்கள்? உலகமெங்கும் ஒன்றுதான். அளவைக் கூட்டித் திருப்பி வைப்பார்கள், இல்லையேல் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். பலகையில் கருவி இருக்கும், பச்சை விளக்கும் எரியும், காவல் மட்டும் இருக்காது. கருவியே இல்லாத போர்டிடம் மனிதன் எச்சரிக்கையாக இருப்பான், இருப்பதாக நம்பும் போர்டிடம் இருக்க மாட்டான். அதனால்தான் பிற்காலப் பதிப்புகளில் இன்னொரு கட்டளை சேர்ந்தது. பொருத்தியதும் அந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும், எழுத்தில் பதிந்து அதிகாரியிடம் காட்ட வேண்டும். கருவி வாங்கிய ரசீது போதாது.

அதற்கும் எல்லை உண்டு என்று விதிநூலே சொல்கிறது. மெயின் சுவிட்சுக்கு முன்னால், மின் நிறுவனத்தின் பக்கம் ஏற்படும் கோளாறை இது காக்காது. தீயணைப்பு மோட்டாருக்கு இது கட்டாயமில்லை, ஏனென்றால் தீப்பிடித்த நேரத்தில் அந்த மோட்டார் எரிந்தாலும் பரவாயில்லை, கடைசிவரை தண்ணீர் இறைக்க வேண்டும். திடீரென நின்றால் அதிக ஆபத்து விளையும் தொடர் உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கும் விலக்கு உண்டு. எதைக் காக்க எதை இழக்கலாம் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கும் இதில் பாடம் இருக்கிறது. இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் காரணம், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைனின் நியூட்ரலும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் கலந்துவிடுவதுதான். போன மின்சாரம் வேறு வழியில் திரும்புகிறது, கருவி கணக்குக் குறைகிறது என்கிறது. அது பொய் சொல்லவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துக்கொடுக்கும் எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள். நியூட்ரலைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் டி என்ற எழுத்துப் போட்ட சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போது அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்றுங்கள். பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கும், எர்த் குழியைச் சோதிக்காது. அதைத் தகுதியான ஆளை வைத்து அளந்து பாருங்கள்.

வெளிநாட்டில் பெரிய போர்டுகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நியூட்ரல் எங்கெங்கே எர்த்தைத் தொடுகிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் கையெழுத்தை நம்பி மேல்மாடியில் யாரோ ஒரு பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார்.

இந்தப் பதிவைப் படித்து முடித்தவர்கள் இன்றே அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழுந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். விழாத வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்